வாத்தியார் கையால் கம்பு

போட்டுக்கும் ஜெட்டிக்கும் இடையே போட்டிருந்த பலகை நனைந்திருந்தது. அதில் கால் வைக்கத் தயங்கி, தகரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, என் மனைவி போட்டின் ஓரத்தில் நின்றிருந்தாள். கல்யாணமான கையோடு லீவு முடிந்து நான் முன்னால் வந்துவிட்டேன். அவள் பிறகு மெட்ராஸில் கப்பலேறி, போர்ட் பிளேயரில் இறங்கி, அங்கிருந்து எங்கள் லாங் ஐலண்டுக்கு வரும் போட்டைப் பிடித்திருந்தாள். கப்பல் மயக்கம் இன்னும் தெளியாத முகம். நான் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். தூக்கிய கை இறங்குவதற்குள் என் கன்னத்தில் அறை விழுந்தது.

அறைந்தவர் மேஸ்திரி. மில்லில் அறுத்த மரத்தைப் படகில் ஏற்றும் கூலியாட்களுக்குத் தலைவர், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நான் அதே மில்லில் கிளார்க். எழுத்து வேலை போக, போட் வரும் நாளில் திரும்பிப் போகிற போட்டில் யாருக்கு இடம், எந்தச் சரக்குக்கு இடம் என்று சொல்கிற வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். அன்றைக்குக் காய்ச்சல்காரர்கள் சிலர் போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் மேஸ்திரியின் கொப்பரை மூட்டைகளுக்கு இடமில்லை என்றேன். அதைச் சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். புதுப் பெண்டாட்டி பார்க்கிறாள் என்ற ஜம்பத்தில், அவருடைய ஆட்களுக்கு முன்னால், "மூட்டையத் தூக்கிட்டு ஓரமாப் போய்யா" என்றேன். அவருக்கு என்னைவிட வயது கூட. "யாரைப் போய்யாங்கிற" என்று கேட்டுக்கொண்டே அறைந்தார். அறை வாங்கியதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. அறை வாங்காத ஆள் யார். ஆனால் நான் சிரித்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "பரவாயில்ல மேஸ்திரி, ஏத்திக்குங்க" என்றேன். மூட்டைகள் ஏறின. காய்ச்சல்காரர்கள் மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்து போனார்கள்.

என் மனைவி எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக இறங்கி வந்தாள். பெட்டி கனமாக இருந்திருக்கும், பலகை வழுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்தில் வந்து நின்று, "வீடு தூரமா?" என்று கேட்டாள். அந்தத் தீவில் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அறை விழுந்ததைப் பார்த்தாளா, பார்க்கவில்லையா என்று தெரியாமல் வழி முழுக்கத் தவித்தேன். அன்று மாலை கல்லுப்பைத் துணியில் முடிந்து, அடுப்பில் காட்டி, என் கன்னத்தில் ஒற்றி எடுத்தபோது தெரிந்துவிட்டது. வேறு வீட்டுப் பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள், இல்லை அந்த மேஸ்திரியைத் திட்டித் தீர்த்திருப்பாள். இவள் இரண்டும் செய்யாதது எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மெயின்லேண்டில் ஒருவனுக்கு அவமானம் நேர்ந்தால் ஊரை மாற்றிக்கொள்ளலாம், குறைந்தபட்சம் தெருவையாவது மாற்றி நடக்கலாம். லாங் ஐலண்டில் மில்லுக்கும் குவார்ட்டர்ஸுக்கும் கடைக்கும் ஜெட்டிக்கும் ஒரே பாதை. ஜெட்டியில் நடந்தது பொழுது சாய்வதற்குள் கூலி லைன் முழுக்கத் தெரிந்துவிட்டது. தமிழர், தெலுங்கர், வங்காளி என்று பேதமில்லாமல் ஒரு கேள்வியை என்மேல் போட்டுச் சிரித்தார்கள்: "க்யா பாபு, இன்னைக்கு போட்டுல ஜகா இருக்கா?" ஜகா என்றால் ஹிந்தியில் இடம். நான் அதற்கும் சிரித்தேன். பிறகு பாதையை விட்டுவிட்டுக் காட்டோரமாக, அட்டைக்கடி பட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தேன். வீட்டுக்கு வந்து காலில் உப்புத் தேய்த்து அட்டைகளை உதிர்க்கும்போது மனைவி பார்ப்பாள். ஏன் அந்த வழியாக வருகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லையில் எங்கள் கோழியை ஒரு நாய் கவ்வப் பார்த்தது. துணி காயப்போடும் மூங்கிலை உருவிக்கொண்டு அவள் ஓடினாள். நாயை அடிக்கவில்லை. மூங்கில் அவள் கையில் ஒரு சுற்றுச் சுற்றியது. நாய்க்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை தரையைத் தட்டியது. நாய் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் முழித்துவிட்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டது. ஈரத்துணிகள் எல்லாம் சேற்றில் கிடந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கேட்டபோது, துணிகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "அப்பா சிலம்ப வாத்தியாருல்ல. வீட்டுல ஆம்பளப் பிள்ளை இல்ல. மழைக்காலத்துல அவருக்கு எதிர நிக்க ஆள் வேணுமில்ல, என்னைய நிப்பாட்டுவாரு." மாமனார் சிலம்பம் கற்றுக்கொடுப்பவர் என்பது தெரியும். மகளும் கம்பெடுப்பாள் என்று பெண் பார்க்கப் போனபோது யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் என் அம்மா அந்தச் சம்பந்தத்தை முடித்திருக்கவும் மாட்டாள்.

"எனக்குச் சொல்லிக் கொடு" என்றேன். அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். "எதுக்கு?" என்றாள். என் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவளும் மேலே கேட்கவில்லை. "சரி. ஆனா யாருக்கும் தெரியக் கூடாது. எவனாச்சும் கேட்டா எங்க அப்பா பேரைச் சொல்லுங்க. என் பேரு வெளிய வரக் கூடாது." இதை மட்டும் இரண்டு தடவை சொல்லி வாக்கு வாங்கிக்கொண்டாள். பாடம் தொடங்குமுன் வாத்தியார் காலைத் தொட்டுக் கும்பிடுவது முறை. நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தரையத் தொட்டாப் போதும். மூஞ்சியப் பாரு" என்றாள்.

கம்பை அவள் நெடுநாள் கண்ணில் காட்டவில்லை. கொல்லையில் அடுப்புச் சாம்பலால் பாதத் தடம் போல் வட்டங்கள் போட்டு, அதில் மாற்றி மாற்றிக் கால் வைக்கச் சொன்னாள். அவள் அரிவாள்மனையில் மீன் அரிந்துகொண்டிருப்பாள். தலையை நிமிர்த்தாமலே, "காலு" என்பாள். நான் தப்பாக வைத்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று வியந்திருக்கிறேன்; பாதம் விழும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாளாம். கவனம் தப்பினால் முறத்தின் விளிம்பால் கணுக்காலில் ஒரு தட்டு. பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரின் மனைவி ஏதாவது இரவல் கேட்டு எட்டிப் பார்த்தால், நான் சட்டென்று குனிந்து தென்னைக்குப் பாத்தி கட்டுவதுபோல் நடிப்பேன். படித்த மனுஷன், கவர்மெண்ட் வேலைக்குச் சமானமான வேலை, பெண்டாட்டி கையால் முறத்தடி வாங்குகிறான். அந்த வெட்கத்தில் கோபம் வரும், கோபத்தில் கால் தப்பும், மறுபடியும் முறம். இப்போது பேத்தி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கராத்தே வகுப்புக்குப் போகிறாள். பெற்றவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். எனக்கு வாய்த்த பார்வையாளர்கள் கோழிகள்தான்.

பிறகு காட்டிலிருந்து பிரம்பு வெட்டிவரச் செய்து, தீயில் வாட்டி நிமிர்த்தி, எண்ணெய் தடவி, என் புருவ உயரத்துக்கு அவளே அறுத்துக் கொடுத்தாள். கம்பு வந்ததும் என் கண் கம்பிலேயே நின்றது. "கம்பைப் பாக்காதீங்க. ஆளைப் பாருங்க. நெஞ்சைப் பாத்தா கம்பு எங்கிட்டு வரும்னு தெரியும்" என்று ஓயாமல் சொல்வாள். எனக்கு அதுதான் வரவில்லை. ஜெட்டி நாளுக்குப் பிறகு நான் யார் முகத்தையும் நேராகப் பார்த்ததில்லை. ஆபீசில் துரை கூப்பிட்டாலும் அவர் மேஜையைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். கொல்லையில் அவளுக்கு எதிரே நின்று, அவள் நெஞ்சையும் அதற்கு மேலே அவள் கண்ணையும் பார்க்கப் பழகினேன். இதில் ஒன்று கவனித்தேன்: நான் நேராகப் பார்க்கப் பார்க்க, அவள் பார்வையைத் திருப்பிக்கொள்வாள். பாடம் சொல்கிறவள் மாணவனின் கண்ணைப் பார்க்காமல் ஏன் தலையைத் திருப்புகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தால் அவளுக்கு அந்த அறைதான் ஞாபகம் வருகிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த மழைக்காலமும் முடிந்தபோது காட்டோர வழியை விட்டுவிட்டேன். என்றைக்கு விட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் நான் பழைய பாதையிலேயே நடந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன், அவ்வளவுதான். "ஜகா இருக்கா பாபு" என்று யாரோ கேட்டதற்கு நின்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் பீடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு வேறு பேச்சு பேசினான். மேஸ்திரியையும் பார்த்தேன். அதுவரை மலைபோலத் தெரிந்தவர், வலது கால் முட்டியில் வலி வைத்துக்கொண்டு நடக்கிற ஆள்தான் என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. பயம் போனது நல்லதுதான். ஆனால் அது போன இடத்தில் திமிர் வந்து உட்கார்ந்துகொண்டது. வருகிற பொங்கலுக்குக் களத்தில் இறங்கி அந்த ஆள் நெஞ்சில் கரி பூசாமல் விடுவதில்லை என்று மனசுக்குள் சபதம் எடுத்தேன்.

பொங்கலுக்கு மறுநாள் மில்லை ஒட்டிய மைதானத்தில் தமிழ் ஆட்கள் கூடிச் சிலம்பம் ஆடுவார்கள். கம்பு நுனியில் கரியைக் குழைத்துத் தடவியிருப்பார்கள். யார் உடம்பில் கரி படுகிறதோ அவன் தோற்றான். வருஷா வருஷம் கடைசியில் நிற்பவர் மேஸ்திரிதான். களத்துக்கு ஒரு முறை உண்டு. இறங்குகிறவன் வாத்தியார் யார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். வாத்தியார் அங்கே இருந்தால் அவர் கையால்தான் கம்பை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பேரைச் சொல்லி, மண்ணைத் தொட்டு, தரையில் கிடக்கும் கம்பை எடுத்துக்கொள்ளலாம். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு வாத்தியார் ராமநாதபுரத்திலோ சிவகங்கையிலோ இருந்தார், கடல் தாண்டி யார் வரப்போகிறார்கள். எல்லோரும் தரையிலிருந்துதான் எடுத்தார்கள்.

கிளார்க் பாபு வேட்டியை மடித்துக் கட்டி இறங்கியதும் ஒரே ஆரவாரம். மேஸ்திரி சிரிக்கவில்லை. "வாத்தியார் யாரு?" என்று முறைப்படி கேட்டார். மாமனார் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். கல்யாணத்தன்று ஒருமுறை பார்த்த மனிதர். என் கணுக்காலில் விழுந்த முறத்தடியில் ஒன்றுகூட அவர் கொடுத்ததல்ல. அந்தப் பேரைச் சொல்வது பொய்யாகப் பட்டது. எனக்கு இனி எதிலும் வெட்கமில்லை என்று அந்தக் கூட்டத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறியும் வந்தது. கொடுத்த வாக்கை மறந்தேன். "என் சம்சாரம்தான் என் வாத்தியார்" என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

கூட்டம் இடி இடித்த மாதிரி சிரித்தது. மேஸ்திரி கையை உயர்த்தி அடக்கினார். "சிரிக்காதீங்கடா. யார்கிட்டப் படிச்சாலும் வாத்தியார் வாத்தியார்தான்" என்றவர் என்னிடம், "அந்தம்மா இங்க இருக்காகளா?" என்று கேட்டார். பெண்கள் கூட்டத்தில் கம்பவுண்டரின் மனைவிக்குப் பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். காட்டினேன். "அப்ப அவுக வந்து எடுத்துக் குடுக்கட்டும். வாத்தியார் இருக்கையில நீ தரையில இருந்து எடுக்கக் கூடாது" என்றார். நான் அவள் பக்கம் திரும்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றேன். எல்லோரும் வழி விட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற கம்பவுண்டரின் மனைவியைப் பார்த்தாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டு, திரும்பி, வீட்டுப் பாதையில் நடந்து போய்விட்டாள்.

நீட்டிய கையை எப்போது மடக்கினேன் என்று ஞாபகமில்லை. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மேஸ்திரி தரையில் கிடந்த கம்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "போயிட்டு வாங்க பாபு" என்றார். அவர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். ஜெட்டியில் வாங்கியதைவிட அது பலமாக விழுந்தது.

வீட்டுக்குள் போகும்போதே கத்திக்கொண்டு போனேன். "என் மானத்தை வாங்கிட்டியே. புருஷன்னு சொல்லிக்க உனக்கு அவ்வளவு கேவலமா இருக்கா?" அவள் அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவள் அப்போது சொன்னதை எழுதட்டுமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். இப்போது நாங்கள் போர்ட் பிளேயரில், டாலிகஞ்சில் மகன் கட்டிய வீட்டில் இருக்கிறோம். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எழுதுங்க. நான் பண்ணினதுதானே" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அன்னைக்கு போட்டுல எனக்குப் பக்கத்துல கம்பவுண்டர் வீட்டு அக்கா நின்னாக. அவுகளும் அன்னைக்குத்தான் புதுசா வர்றாக. உங்களை அடிச்சதும், 'ஐயோ பாவம், யாரும்மா அது, தெரிஞ்ச ஆளா?'ன்னு கேட்டாக. நான் தெரியலக்கான்னுட்டேன். தெரிஞ்சுதாங்க சொன்னேன். நீங்க சிரிச்சுக்கிட்டு நின்னீங்க, எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. எல்லாரும் எறங்கிப் போகட்டும்னு உள்ளயே நின்னேன். கம்பெடுத்த வீட்டுப் பொண்ணு. எறங்கி வந்து உங்க பக்கத்துல நின்னிருக்க வேணாமா? அந்த அக்கா ஒருநாளும் அதைக் கேட்டதில்ல. ஆனா அவுக மூஞ்சியப் பாக்குறப்பல்லாம் எனக்கு அதுதான். இன்னைக்கு நீங்க அத்தனை பேருக்கு முன்னால என் சம்சாரம்னு கத்துறீங்க, அவுக என்னையத் திரும்பிப் பாக்குறாக. நான் எந்த மூஞ்சியோட வந்து உங்க கையில கம்பைக் குடுக்க?"

நான் பெரிய மனிதனைப்போல ஏதாவது ஆறுதல் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அவள் அங்கே நிற்கிறாள் என்று தெரிந்தும் பல்லைக் காட்டிச் சிரித்தவன் நான்; இருந்தும் அவள் என்னைத் தெரியாது என்று சொன்னது நெஞ்சில் கல்லாக விழுந்தது. அப்படியே வெளியேறிக் கடற்கரைக்குப் போய் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். கோபம்தான் வந்தது. கோபம் ஓய்ந்த பிறகுதான் வேறொன்று உறைத்தது. இரண்டு வருஷமாக அந்த ஜெட்டியைப் பற்றி நினைக்காத நாளில்லை; ஒருநாள்கூட அவள் அங்கே எப்படி நின்றிருப்பாள் என்று நான் நினைத்ததில்லை. ஊர் தெரியாது, பாஷை தெரியாது, தெரிந்த ஒரே ஆள் அடி வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். வேறென்ன சொல்லியிருப்பாள் அந்தப் பெண். எனக்கு வெட்கமாக இருந்தது. இதுவரை பட்டதெல்லாம் அடுத்தவன் பார்த்துவிட்டானே என்ற வெட்கம். இதை யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்குத் திரும்பியபோது சோறு வைத்திருந்தாள். சாப்பிட்டோம். "புளி கொஞ்சம் தூக்கல்" என்றேன். "ஆமா" என்றாள்.

அதன்பிறகு கொல்லையில் பாடம் நடக்கவில்லை. கம்பு கூரைச் சட்டத்தில் செருகியபடியே இருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை, ஆனால் அவள் என்னைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தாள். அடுத்த பொங்கல் நெருங்கியபோது ஒரு காலையில் கம்பை இறக்கித் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். "இந்த வருசம் எறங்குறீங்களா?" என்றாள். "பழகவே இல்லையே" என்றேன். "தோத்தாத் தோத்துட்டுப் போறோம்" என்றாள்.

பொங்கலுக்கு மறுநாள் மைதானத்தில் மேஸ்திரி "வாத்தியார் யாரு?" என்று கேட்டார். சொன்னேன். பெண்கள் பக்கமிருந்து அவள் கம்போடு நடந்து வந்தாள். நான் குனிந்து அவள் காலைத் தொட்டேன். மைதானத்தில் யாரோ விசில் அடித்தார்கள். அவள் பின்வாங்கவில்லை. கம்பைக் கையில் வைத்து, "ஆளைப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

பார்க்கத்தான் பார்த்தேன். கொஞ்ச நேரம் நன்றாகவே நின்றேன் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்த வலி முட்டியை வைத்துக்கொண்டே மேஸ்திரி என்னை ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, நான் இடது காலை மாற்றி வைத்த இடத்தில் புகுந்து, நட்ட நடு நெஞ்சில் கரியைப் பதித்துவிட்டார். கூட்டம் கூச்சலிட்டது. என் வெள்ளைப் பனியனில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவரைப் பார்த்துக் கும்பிட்டேன், அவரும் கும்பிட்டார்.

திரும்பும்போது பாதை முழுக்க ஜனம். கம்பவுண்டரின் மனைவி எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள், மேஸ்திரியின் ஆட்கள் பின்னால் வந்தார்கள். என் மனைவி கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு என் பக்கத்தில் நடந்தபடி, அந்தத் தீவில் அதுவரை யாரும் கேட்டிராத குரலில் என்னைத் திட்ட ஆரம்பித்தாள். "இடது காலை எங்க வச்சீங்க? எத்தனை நாள் சாம்பல்ல வட்டம் போட்டுக் காட்டினேன்? மாடு மாதிரி நேரா போய் நெஞ்சைக் காட்டுறீங்க. அந்த மனுசன் முட்டி வலியோட ஆடுறாரு, உங்களுக்கு என்ன கேடு?" முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது மடல் சுட்டது. "எல்லாரும் கேக்குறாங்க. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கட்டும்" என்றாள்.